ரீஸ்டார்ட் பண்ணாம டீபக் லாக்: சிஸ்டம்டியோட சர்வீஸ்-லாக்-லெவல் எப்படி?

ஒரு டிஎன்எஸ் (பேரை ஐபி அட்ரஸா மாத்துறது) கோளாறு ஒரு வாரமா உயிர வாங்கிட்டு இருந்துச்சு, குறிப்பிட்ட ஒரு பேரு மட்டும் திடீர்னு ரிசால்வ் ஆகாது, லாக்ல பாத்தா ஒரு வரி கூட இருக்காது, சரின்னு டீபக் (எல்லாத்தையும் விவரமா எழுதுற லாக் லெவல்) போட்டு சிஸ்டம்டி-ரிசால்வ்டை (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டியோட டிஎன்எஸ் சர்வீஸ்) ரீஸ்டார்ட் பண்ணா கோளாறே காணாம போயிடும், அப்புறம் அது மறுபடி வர்ற வரைக்கும் தேவுடு காக்கணும்.

அப்பதான் இந்த கமாண்ட் கண்ணுல பட்டுச்சு. 2020ல வந்த சிஸ்டம்டி 247வது வெர்ஷன்லயே இருக்காம், நான்தான் இத்தனை நாள் பாக்கல! சிஸ்டம்சிடிஎல் சர்வீஸ்-லாக்-லெவல், பின்னாடி சர்வீஸ் பேரு, அதுக்கு பின்னாடி டீபக், அவ்ளோதான், ஓடிட்டு இருக்குற ப்ராசஸ் அப்படியே ஓடும், லாக் மட்டும் கொட்ட ஆரம்பிக்கும். லெவல் குடுக்காம அடிச்சா இப்ப என்ன லெவல்ல இருக்குன்னு சொல்லும். பக்கத்துல லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல்ல ஓடவிட்டு உக்காந்தேன், அஞ்சே நிமிஷம், அந்த பேருக்கு என்எக்ஸ்டொமைன்னு (அப்படி ஒரு பேரே இல்லைன்னு) பழைய பதில் கேஷ்ல உக்காந்திருக்கு, கேக்குறப்பலாம் அதையே எடுத்து குடுக்குது. ரீஸ்டார்ட் பண்ணா கேஷ் காலி, அதான் ஒவ்வொரு தடவையும் தடயம் அழிஞ்சிருக்கு.

ஆனா எல்லா சர்வீஸுக்கும் இது வேலை செய்யும்னு நம்பிடாதீங்க. யூனிட் ஃபைல்ல பஸ்நேம் இருக்கணும், அந்த ப்ரோக்ராமும் டிபஸ்ல (ப்ரோக்ராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குற வழி) லாக் லெவல மாத்த விடுற லாக்கன்ட்ரோல்1 இன்டர்ஃபேஸை வச்சிருக்கணும், இல்லன்னா எர்ரர்தான். சிஸ்டம்டி குடும்பத்துக்குள்ள சூப்பர், நாம எழுதுன ஆப்புக்கு நாமளே சேத்தாதான் உண்டு. ரெடிஸ்க்கு கான்ஃபிக் செட், நெட்வொர்க்மேனேஜர்க்கு என்எம்சிஎல்ஐ ஜெனரல் லாகிங்னு ஒவ்வொண்ணுக்கும் தனி வழி இருக்கு, ஞாபகம் வச்சுக்குறதுதான் பாடு. பிஐடி 1க்கு, அதாவது சிஸ்டம்டிக்கே, சிஸ்டம்சிடிஎல் லாக்-லெவல்னு தனி கமாண்ட், அதுவும் முடியாத நேரத்துல எஸ்ஐஜிஆர்டிமின்+22 சிக்னல் அனுப்பினா டீபக் ஆகும், 23 அனுப்பினா பழைய நிலைமைக்கு வரும்.

இன்னொரு இடத்துல நல்லா மாட்டிக்கிட்டேன். வேற ஒரு சர்வீஸ்ல டீபக் போட்டாச்சு, கமாண்டும் ஓகேங்குது, லாக்ல மட்டும் ஒண்ணும் வரல. அரை மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டு யூனிட் ஃபைல திறந்தா எவனோ லாக்லெவல்மேக்ஸ்=இன்ஃபோன்னு எழுதி வச்சிருக்கான் (பழைய கமிட்ட பாத்தா அது நானேதான்). அது இருந்தா சர்வீஸ் எவ்ளோ கத்தினாலும் ஜர்னல்குள்ள போகாது. அப்புறம் லாக்க சேத்து வைக்குற ஜர்னல்டியோட ரேட் லிமிட், டீஃபால்ட்டா 30 செகண்டுக்கு 10000 மெசேஜ், டிஸ்க்ல காலி இடம் நிறைய இருந்தா இன்னும் கூடும், தாண்டினா சப்ரெஸ்ட்னு ஒரு வரி வரும், நாம தேடுற வரி அதுலயே போயிருக்கும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ண குறைச்சது எதுக்குன்னா டைமர் இல்ல, இவ்ளோ நேரம் டீபக், அப்புறம் தானா பழைய லெவல்னு சொல்ல வழியே இல்ல, மறந்துட்டா சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகுற வரைக்கும் கொட்டிட்டே இருக்கும். நான் இப்ப டீபக் போடுற அதே வரியிலயே ஸ்லீப் 600 போட்டு பின்னாடியே இன்ஃபோவும் அடிச்சு விட்டுடுறேன்.