சோனாரா, பென்டகானா? வேலூர் வெயிலில் இரண்டு பழைய 135-கள்

தூரத்தைக் கிட்டே இழுக்கும் பழைய டெலி லென்ஸ் தேடுகிறவர் கண்ணில் அடிக்கடி படும் ஜோடி இது: கார்ல் சைஸ் யேனாவின் சோனார் 135 மி.மீ. எஃப்/3.5, பென்டகான் 135 மி.மீ. எஃப்/2.8. இரண்டுமே கிழக்கு ஜெர்மனிச் சரக்கு, இரண்டுக்குமே எம்42 என்ற, கேமராவில் திருகி மாட்டும் மவுன்ட். எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம் என்று எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் பென்டகானை எடுப்பார். நான் சோனாரை எடுக்கச் சொல்வேன்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தைவிட நல்ல சோதனைப் பலகை நம்ம ஊரில் இல்லை. உச்சிவேளையில் வெளுத்த வானத்தை எதிர்த்து நிற்கும் சிற்பங்களின் ஓரங்களைக் கவனியுங்கள். பென்டகானை 2.8-க்கு முழுசாகத் திறந்தால் அந்த ஓரங்களில் ஊதாக் கோடு ஓடும். படம் முழுக்க லேசாகப் பால் தெளித்தது போல ஒரு வெளிறல். 5.6-க்கு மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சோனாரிலும் ஊதா உண்டு, ஆனால் அடக்கமாக. 3.5-லேயே கருப்பு கருப்பாக நிற்கும்.

காரணம் கட்டமைப்பில் இருக்கிறது. சோனாரில் 4 கண்ணாடிகள், 3 குழுக்கள் (ஒன்றோடொன்று ஒட்டியவை ஒரே குழு). பென்டகானில் 5 கண்ணாடிகள், 4 குழுக்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் முன்னதில் ஆறு, பின்னதில் எட்டு. ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பியடித்து உள்ளே அலையவிடும். லென்ஸ் பூச்சு பரவலாகாத 1930-களில் லுட்விக் பெர்டெலே சோனாரை வடிவமைத்தபோதே பரப்புகளைக் குறைக்கத்தான் கண்ணாடிகளை ஒட்டினார். அந்தச் சிக்கனம் எதிர்வெயிலில் இன்றும் கைகொடுக்கிறது. வாங்கினால் ‘எம்சி’ என்று பொறித்த பல்பூச்சு சோனாராகப் பாருங்கள்.

2.8-க்கும் 3.5-க்கும் ஒளியில் வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). சித்திரை மாசத்து வேலூரில் வெளிச்சப் பஞ்சம் என்று யாரும் அழப்போவதில்லை. கல்யாண மண்டபத்தில் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் போயிற்று.

பின்னணி மங்கலில்தான் பென்டகானுக்கு மதிப்பு. துளையைக் கையாலேயே மூடித் திறக்கும் அதன் பழைய ப்ரீசெட் மாடலில், துளையைச் சுருக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் 15. எவ்வளவு மூடினாலும் துளை வட்டமாகவே இருக்கும். சாயங்காலம் கோட்டை அகழித் தண்ணீரில் வெயில் மினுங்குவதை 5.6-இல் எடுத்தால் பென்டகானில் உருண்டை உருண்டையாக வரும். ஆறு இதழ் சோனாரில் அறுகோணம் அறுகோணமாக வரும், பார்க்கச் சகிக்காது. (ஸ்ரீபுரம் பொற்கோயிலில் கேமராவுக்கே அனுமதி இல்லை, அந்தத் தங்க ஜொலிப்பில் இரண்டையும் மோதவிட வழியில்லை.) முகத்தை இரண்டிலும் ஒரே அளவில் நிரப்பி முழுசாகத் திறந்து எடுத்தால் பென்டகானின் மங்கல் வட்டம் கால் பங்கு பெரிதாகவும் இருக்கும்.

ஆனால் ப்ரீசெட் பென்டகான் ஒன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. சோனார் ஒரு மீட்டர் வரை நெருங்கும். எலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் காம்பு முள்ளை எடுக்கப் போனால் இந்த அரை மீட்டரின் அருமை தெரியும். இரண்டையும் அதனதன் எல்லைவரை நெருக்கிப் பாருங்கள்: பொருள் சோனாரில்தான் பெரிதாக விழும். ஒளியைக் குறைவாக விடும் லென்ஸாக இருந்தும் தூரத்துப் பின்னணி அதில்தான் அதிகம் கரையும். கணக்குப் போட்டாலும் இதே விடைதான்.

ஆக, முகம் மட்டுமே எடுப்பவருக்கு ப்ரீசெட் பென்டகான். அதுவும் 15 இதழ் உண்டா என்று எண்ணிப் பார்த்து. பிந்தைய ‘ஆட்டோ’ மாடலுக்கு இந்தப் புகழ் பொருந்தாது. மற்ற எல்லாருக்கும் சோனார்.

வாங்கும்போது டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். சோனாரின் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய யேனா லென்ஸ்களில் அது சகஜம். சோனாருக்கு, இதழ்களை மூடவைக்கும் பின்புற ஊசியை அழுத்திப் பிடிக்கும் அடாப்டர் வேண்டும், ப்ரீசெட் பென்டகானுக்கு வேண்டாம். மிரர்லெஸ், கேனான் இஓஎஸ் இரண்டிலும் பிரச்சினை இல்லை. நிக்கான் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர் யோசியுங்கள்: மவுன்டிலிருந்து சென்சார் வரை எம்42-க்கு வேண்டிய தூரம் 45.46 மி.மீ., நிக்கானில் இருப்பதோ 46.5. நடுவில் திருத்தக் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் கிட்டே இருக்கும் கோட்டைச் சுவர் வரை ஃபோகஸ் கிடைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் மலை கிடைக்காது.