சிவகாமியா, குந்தவியா?

கல்கியின் பல்லவக் கதைகள் இரண்டில் எது நல்ல காதல் கதை என்று கேட்டால், வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

‘பார்த்திபன் கனவு’ மூன்றே பாகம், வேகமாக ஓடும். நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன் இரத்தின வியாபாரியாகத் திரும்பி வருவதும், காய்ச்சலில் கிடந்தவனைப் பல்லவ இளவரசி குந்தவி காப்பாற்றுவதும் இதமான காதல். விக்கிரமனுக்கு உதவும் சிவனடியார் உண்மையில் யார் என்பதுதான் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது என்பது பலருடைய குறை. எனக்கும் அப்படித்தான்.

‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகம். இங்கேதான் சண்டையே. நடனக்காரி சிவகாமி, சாளுக்கியரின் தலைநகரான வாதாபியில் சிறைப்பட்டிருக்கிறாள்; அவள் காதலரான பல்லவ மாமல்லர் மாறுவேடத்தில் அங்கேயே வந்து கூப்பிடும்போது, வாதாபியை எரித்தாலொழிய வரமாட்டேன் என்ற தன் சபதம் நிறைவேறாமல் வரமாட்டேன் என்கிறாள். ‘என்ன வீண் பிடிவாதம்!’ என்று ஒரு சாரார். ‘கண்ணெதிரே தன் நாட்டு மக்கள் பட்ட துன்பத்தைப் பார்த்தவள் வேறென்ன சொல்வாள்?’ என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆனால் பதினாறு வயதில் முதல் கட்சியில்தான் இருந்தேன். வாதாபி எரிந்த பிறகு ஊர் திரும்பும் அவளுக்கு மாமல்லரின் திருமணம் தெரியவரும் இடத்தை இன்றும் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை.

கதைக்காலப்படி சிவகாமி முந்தையது, எழுதப்பட்டதில் பார்த்திபன். முதலில் எதைப் படிப்பது என்றால், சரி, பார்த்திபனையே எடுங்கள்.