யாழினியா, யாஷ்விகாவா, பேச்சியம்மாளா?

போன ஆவணியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கேட்டை நட்சத்திரம், இரண்டாம் பாதம். பஞ்சாங்கத்தில் கேட்டைக்கு நோ, யா, யீ, யூ என்று நாலு எழுத்து. இரண்டாம் பாதத்துக்கு யா. அக்கா யாழினி என்றாள். அத்தான் யாஷ்விகா என்றார். அத்தானின் தங்கச்சி எழுத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "எங்கம்மா பேரு இருக்கும்போது வேற என்னத்துக்கு" என்று பேச்சியம்மாளை முன்மொழிந்தார். தாய்மாமன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

முதலில் பேச்சியம்மாள். பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அது தேய்ந்துதான் பேரன். அந்த முறைப்படி பார்த்தால் மற்ற இரண்டுக்கும் இங்கே இடமே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பேச்சி, இசக்கி, சுடலை எல்லாம் சாமி பெயர்கள். வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஏ பேச்சி, மண்ணத் திங்காத" என்று அக்கா அதட்டினால் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அத்தை திரும்பிப் பார்ப்பார். இப்படிப் பெயர் வைத்த வீடுகளில் குழந்தை கடைசிவரை பாப்பாதான், தங்கம்தான். உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் கிடக்கும். அப்புறம், என்னோடு படித்த சுடலைமுத்து சென்னைக்கு வேலைக்குப் போன மாதமே வெறும் முத்து ஆகிவிட்டான். அக்காவின் பயம் அதுதான்.

ஆகவே நிஜமான போட்டி இரண்டு யா-வுக்கு நடுவில்.

அத்தானின் வாதம் ஒன்றே ஒன்று: "யாழினி இப்ப தெருவுக்குத் தெரு இருக்கு. நம்ம பிள்ள பேரு தனியா தெரியணும்." சரி என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். நர்ஸ் வரிசையாகக் கூப்பிட்டார்: தன்விகா, ரித்விகா, சான்விகா. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அம்மாக்கள் ஒன்றாக எழுந்தார்கள். பெயர் வேறு வேறுதான், ஆனால் காதில் விழுவது வால் மட்டும். யாழினி என்று வைக்கிறவர்கள் அது நாலு பேருக்கு இருக்கும் என்று தெரிந்தே வைக்கிறார்கள். யாஷ்விகா வைக்கிறவர்கள் அது ஒருத்திக்குத்தான் என்று நம்பி வைக்கிறார்கள். இதில் எனக்கு முதல் வகையே மேல்.

பொதுப்பெயரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. நான் செந்தில். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் பிறந்த பையனுக்கு வேறென்ன வைப்பார்கள்? வகுப்பில் நாங்கள் நாலு பேர். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, இனிஷியலை வைத்துத்தான் பிரிப்பார்கள். அதிலும் இரண்டு பேருக்கு எஸ். இன்னொரு எஸ்.செந்தில் உடைத்த ஜன்னலுக்கு ஒரு தடவை நான் முட்டி போட்டேன். கடைசியில் அப்பாவின் முறுக்குக்கடைதான் காப்பாற்றியது: முறுக்குக்கடை செந்தில். இன்றைக்கும் பழைய நண்பர்கள் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பொருள் பார்த்தால் யாழினிக்கு ஒரு கை கூடுதல். யாழ் என்ன என்று பிள்ளை கேட்டால் படம் காட்டலாம், பாணர் கதை சொல்லலாம். யாஷ்விகாவில் 'யசஸ்', அதாவது புகழ், இருக்கிறது என்கிறார் அத்தான். 'விகா' காதுக்காக ஒட்டியது என்பது என் கட்சி. ஆனால் யாழினியும் பழம்பெயர் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். தனித்தமிழ் இயக்கம் 1916-ல் தொடங்கியது. வேதாசலம் மறைமலை ஆனார், பின்னால் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். பெரியவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அடுத்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வி, கயல்விழி என்று நீளமாக வைத்தார்கள். இனியா, நிலா, ஆதிரை, யாழினி என்று இரண்டு மூன்று எழுத்தில் சுருங்கியது இப்போதைய வழக்கம். அதுவும் ஃபேஷன்தான், நல்ல ஃபேஷன்.

வாயில் நுழைவதில் இரண்டுமே தேறாது. யாஷ்விகாவை அத்தை யாசுபிகா என்றார். யாழினி யாளினி ஆனது. அத்தையைச் சொல்வானேன், கல்லூரிப் பிள்ளைகளே இன்று ழகரத்தை முழுங்குகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது யாழினிக்குத்தான் தொந்தரவு அதிகம். ழ-வுக்கு நாம் இசட் எச் போடுகிறோம். பெங்களூரில் அதைப் பார்த்து யாஜினி என்று வாசிப்பார்கள். இலங்கைத் தமிழர் வெறும் எல் போட்டு முடித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிக்கும். யாஷ்விகாவை டெல்லிக்காரரும் தடுமாறாமல் படித்துவிடுவார். இந்த ஒரு சுற்று அத்தானுக்கு.

எழுத்துக்கூட்டலை அலட்சியமாக விட முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிவிட்ட பெயரை முழுசாக மாற்றுவது அரசிதழ் வரை இழுத்துக்கொண்டு போகும். அதனால் அவசரப்படாதீர்கள் என்றேன். நியூமராலஜிக்காரர் ஒருவர் ஒரு ஏ கூடுதலாகப் போடச் சொன்னதை மட்டும் அக்காவே மறுத்துவிட்டாள்: "ஒவ்வொரு பாரமிலயும் ரெண்டு ஏ, ரெண்டு ஏ-ன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

மூன்றாம் மாதம் யாழினி என்று பதிந்தார்கள், ஒற்றை ஏ. அத்தானுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அத்தை பெயரைச் சுருக்கி யாளி என்று கூப்பிடுகிறார். கோயில் தூணில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்த யாளி. ராத்திரி இரண்டு மணிக்கு அது போடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அத்தையைத் திருத்தவில்லை.