நெமாட்டிக்கில் நெகிழும் பாலிமர்: கட்டவலையா, கே–பெர்ன் துகளா?

குச்சி போன்ற மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசை நோக்கி நிற்கும் திரவப் படிக நிலைதான் நெமாட்டிக். அதில் கரைந்த நெகிழ் பாலிமர்ச் சங்கிலி என்ன வடிவம் எடுக்கும்? தருமபுரியில் முதுநிலை இயற்பியல் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கணினி போதும். எந்த மாதிரி என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

லெப்வோலும் லாஷரும் 1972-இல் தந்த மாதிரி எளிது. கனசதுரக் கட்டவலையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குச்சி. ஆறு அண்டைக் குச்சிகளோடு அது அமைக்கும் கோணமே ஆற்றலைத் தீர்மானிக்கிறது. அலகற்ற வெப்பநிலை 1.12-ஐ ஒட்டி ஒழுங்கு குலைந்துவிடும். அதே வலையில் தன்னைத்தானே வெட்டாத பாதையாகச் சங்கிலியை விட்டு, மான்டே கார்லோ முறையில், அதாவது தற்போக்கு எண்களைக் கொண்டு படிப்படியாக, நகர்த்தலாம். சி மொழியில் மாணவரே முழு நிரலையும் எழுதிவிடலாம். வாய்மொழித் தேர்வில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் பதில் இருக்கும்.

ஆனால் ஒரு குறை என்னை உறுத்துகிறது. சங்கிலியின் பிணைப்பு குச்சிகளின் திசையை எவ்வளவு விரும்புகிறது என்ற எண்ணை நாமே போடுகிறோம். பிறகு சங்கிலி அந்தத் திசையில் நீண்டால், நாம் போட்டதைத்தானே திரும்ப எடுக்கிறோம்? மான்டே கார்லோ படிகளை மெய்யான நேரமாகக் கொள்ளவும் முடியாது.

கே–பெர்ன் மாதிரியில் (1981) கரைப்பான் மூலக்கூறு ஒரு நீள்வட்டத் துகள்; பெரும்பாலும் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம். சங்கிலி, சுருள்வில்லால் கோத்த மணிகள். நீளும் போக்கு இங்கே துகள்களின் வடிவத்திலிருந்தும் ஈர்ப்பிலிருந்தும் தானாக எழுகிறது. கோள மணி அண்டைத் துகள்களின் ஒழுங்கைக் கெடுப்பதால், நெமாட்டிக் கரைப்பான் சங்கிலியை ஒதுக்கித் தள்ளுவதையும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பக்கமே நெஞ்சுக்கு நெருக்கம். துகள்களின் இயக்கத்தைக் கணிக்கும் லாம்ப்ஸ் மென்பொருள் இலவசம். கே–பெர்ன் துகளுக்கு அதன் ஆஸ்பியர் தொகுப்பைச் சேர்த்து நிறுவ வேண்டும். விலை நேரம்தான்: கணிப்பின் பெரும்பகுதியைக் கரைப்பானே விழுங்கிவிடும். சங்கிலியின் நீளத்தை இரட்டித்தால் அது தளர்ந்து புது வடிவம் எடுக்கும் காலம் இரு மடங்குக்கும் மேல் போகும். நடுவில் மின்சாரம் நின்றாலும் தொடர, மீள்தொடக்கக் கோப்பை அடிக்கடி எழுதச் சொல்லிவிடுங்கள்.

5சிபி என்ற மெய்யான நெமாட்டிக் சேர்மத்தை அணு அணுவாகக் கணிக்கும் வழியும் உண்டு; ஒரு பருவ ஆய்வேட்டுக்கு அது ஒத்துவராது.

ஆறு மாத அவகாசமும் ஒரே கணினியும் என்றால் கட்டவலையை எடுங்கள்; பிணைப்பு எண்ணைப் பல மதிப்புகளில் மாற்றி, சுழியிலும் ஓட்டிக் காட்டுங்கள். ஓராண்டும் பல கருக்கள் (கோர்) கொண்ட கணினியும் கிடைத்தால் கே–பெர்னை விடாதீர்கள்.

இரண்டிலும் அளவீடு ஒன்றே: பொது அச்சின் (கரைப்பான் துகள்கள் சராசரியாக நோக்கும் திசை) நெடுகிலும் குறுக்கிலும் சுழல் ஆரம், அதாவது சங்கிலி எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு. ஒழுங்கற்ற நிலையில் சராசரி விகிதம் 1. நெமாட்டிக்கில் நீண்ட சங்கிலிக்கு 1-ஐத் தாண்டும். அந்த அச்சு பெட்டிக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். இசட் அச்சையே பொது அச்சாக வைத்து அளந்தால் விகிதம் பொய்த்துவிடும். ஒவ்வொரு பதிவிலும், துகள்களின் திசைகளிலிருந்து கணிக்கும் ஒழுங்கு அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்குரிய திசையைக் கண்டு, அதை வைத்தே அளக்க வேண்டும்.