ரங்கூனில் அக்காவின் கண்ணுக்கு மை

இந்த முறை ரங்கூன் போனதில் பாதி லீவு கண் மருத்துவமனையில் கரைந்தது. பெரியப்பா மகளுக்குச் சின்ன வயதில் நெல் சுணை பட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. பர்மியர் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனாக்கா பூசிய முகத்திலும் அந்த வெள்ளைதான் முதலில் தெரியும். போட்டோ என்றால் தலையைத் திருப்பிக்கொள்வார்.

சிங்கப்பூரிலிருந்தே போன் செய்து காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். போனால் டோக்கன் 41. டாக்டர் வந்தது பன்னிரண்டரைக்கு. நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அதைவிட எரிச்சல், கேட்காமலே கலர் லென்ஸ் விலைப்பட்டியலை நீட்டியது.

டாக்டர் மட்டும் தங்கம். டார்ச் அடித்தார், அக்காவுக்கு வெளிச்சமே தெரியவில்லை. வெள்ளைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஸ்கேன் எடுத்தார். விழித்திரை பிரிந்து கிடந்தது. கருவிழி மாற்றினாலும் பயனில்லை. “மை ஏற்றினால் வெள்ளை மறையும், பார்வை வராது” என்று இரண்டு தடவை சொன்னார்.

புது வைத்தியமோ என்று கேட்டேன். ரோம் காலத்து வைத்தியர் கேலனே செம்பு உப்பால் கண்ணைக் கறுப்பாக்கியிருக்கிறாராம். 1869இல் டி வெக்கர் என்ற கண் மருத்துவர் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையைக் குத்தினாராம். இப்போது லேசரால் கருவிழிக்குள் வழி வெட்டியும் நிறம் ஏற்றுகிறார்கள். ஆனால் நல்ல கண்ணின் நிறத்தை மாற்ற இதைச் செய்துகொள்ளாதீர்கள் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் அகாடமி 2024இல் எச்சரித்திருக்கிறது. அக்கா கண் வேறு கதை.

“அப்பாயி கையில பச்சை குத்தின மாதிரியா?” என்றார் அக்கா. ஏறக்குறைய அதேதான். மரத்துப்போக மருந்து போட்டு, நுண் ஊசியால் தழும்பில் குத்திக் குத்தி மை இறக்கினார்கள். நம் ஆட்களின் கண் நிறத்துக்குக் கறுப்பு மையே பாதி வேலை முடித்துவிடுகிறது. மூன்று நாள் எரிச்சலும் நீரும். சொட்டு மருந்தை மணி பார்த்துப் போட்டோம், புண்ணாகிவிடக் கூடாதே. சில வருடங்களில் மை வெளுத்தால் மறுபடி குத்த வேண்டும். செலவு சிங்கப்பூர் கணக்குக்குக் குறைவுதான், ஆனால் சொட்டு மருந்துக்குத் தனி பில் என்று கடைசியில்தான் சொன்னார்கள்.

கிளம்பும்போது டாக்டர், இருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்ற எப்போதும் உடையாத கண்ணாடி போடச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன்.

“ஏன் தம்பி, இவ்வளவு பாடுபட்டுக் கண்ணைச் சரி பண்ணிட்டுக் கண்ணாடி போட்டு மறைக்கவா?” என்று அதைக் கூட்டோடு கைப்பையில் போட்டுக்கொண்டார்.