மனேஜரைத் தூக்கிறதா, வைச்சிருக்கிறதா: ஒரு ஜேஸ் விசரன்ர கணக்கு

2025 ஜூன்ல ஒரு வெள்ளி இரவு, ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக் கடைப் பார்க்கிங்கில பத்துப் பன்னிரண்டு அப்பா அம்மாமார் நிண்டு வோட்டுப் போட்டம். மகன்ர பேஸ்போல் ரீம், எல்லாம் பதினொரு வயசுப் பெடியள், 8 கேமில 7 தோல்வி, கோச்சை மாத்துறதா விடுறதா எண்டு கேள்வி. நான் அந்த ரீமுக்கு உதவிக் கோச், அதாவது அவரைத் தூக்கினால் அடுத்தது நான்தான், வேற ஒருத்தரும் வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாற மாதிரி இல்லை. வைச்சிருப்பம் எண்டு கை தூக்கினன். பயத்தில தூக்கின கை எண்டு மனிசி இப்பவும் சொல்லுறா, நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்.

பகிடி என்னெண்டால், அதுக்கு எட்டு மாசத்துக்கு முந்தி, 2024 சீசன் முடிஞ்ச கையோட, குடும்ப வட்ஸ்அப்பில "ஷ்னைடரைத் தூக்கினால்தான் ஜேஸ் உருப்படும்" எண்டு எழுதினவனும் நான்தான். ஜேஸ் எண்டால் ரொறன்ரோ புளூ ஜேஸ், எங்கட ஊர் பேஸ்போல் ரீம், ஷ்னைடர் அதின்ர மனேஜர். அந்த வருசம் 74 வெற்றி, 88 தோல்வி, அமெரிக்கன் லீக் ஈஸ்ட் எண்ட எங்கட டிவிஷன்ல கடைசி இடம். அந்த ஜோன் ஷ்னைடர் அடுத்த வருசமே 94 கேம் வெண்டு டிவிஷனை எடுத்து, யாங்கீஸையும் மரினர்ஸையும் தாண்டி, 1993க்குப் பிறகு முதல்தரமா ஜேஸை வேர்ல்ட் சீரிஸுக்கு, அதாவது இறுதிச் சுற்றுக்கு, கொண்டுபோய், டொஜர்ஸோட ஏழாவது கேமில 11வது இனிங்ஸ்ல 5-4 எண்டு தோத்தார். அப்ப எனக்கு ரெண்டு பக்கமும் நிண்ட அனுபவம் இருக்கு, ஒரு பக்கத்தில மூக்குடைபட்ட அனுபவமும் இருக்கு.

கிரிக்கெட் பாத்து வளந்த ஆக்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்போல்ல மனேஜர் எண்டால் ஒபிசில கணக்குப் பாக்கிற ஆளில்லை. அவரும் விளையாடுற பெடியள் மாதிரியே யூனிபோர்ம் போட்டுக்கொண்டு டக்அவுட்டில, அதாவது மைதான ஓரத்தில ரீம் இருக்கிற இடத்தில, நிண்டு, ஆர் எத்தினையாவதா அடிக்கிறது, பந்து எறியிற பிட்சரை எப்ப மாத்துறது எண்டு முடிவெடுப்பார், எங்கட கப்டன் பாதி கோச் பாதி எண்டு வையுங்கோ. ஆனா ஆளை வாங்கிறது விக்கிறது அவற்ற கையில இல்லை, அது ஜெனரல் மனேஜர்ர வேலை. மனேஜரைத் தூக்கிற முடிவிலயும் பெரும்பாலும் அந்த ஜெனரல் மனேஜர்தான் முன்னுக்கு நிப்பார். தான் சந்தையில வாங்கின மீன் பழுது எண்டு ஒத்துக்கொள்ளுறதை விட, சமைச்சவனுக்குச் சமைக்கத் தெரியேல்ல எண்டு சொல்லுறது சுகம்தானே.

தூக்கிறதுக்கு ஆதரவாச் சொல்லுற காரணங்கள் எல்லாருக்கும் தெரியும், இழுக்கேல்ல. 26 பேரையும் மாத்தேலாது, ஒருத்தரை மாத்தலாம். சனத்தின்ர கோபம் கொஞ்சம் ஆறும். காசு பெரிய பிரச்சினை இல்லை, ஒப்பந்தத்தில மிச்சம் இருக்கிற சம்பளத்தைக் குடுத்து அனுப்புவாங்கள், ஒரு நல்ல பிட்சருக்குக் குடுக்கிறதோட பாத்தால் அது சில்லறை.

இன்னும் சொல்லப்போனால், ரொறன்ரோ சரித்திரத்தில பேர்போன மூண்டு தூக்கலை மட்டும் வைச்சுப் பாத்தால் தூக்கிற பக்கம்தான் கண்ணை மூடிக்கொண்டு வெல்லோணும். 1989ல 12 வெற்றி 24 தோல்வியில ஜிமி வில்லியம்ஸைத் தூக்கினாங்கள், ஹிட்டிங் கோச்சா, அதாவது அடிக்கப் பழக்கிறவரா, இருந்த சீட்டோ காஸ்டன் வந்தார், மிச்சத்தில 77 வெண்டு 49 தோத்து டிவிஷனையே எடுத்தார், பேந்து 92லயும் 93லயும் வேர்ல்ட் சீரிஸ். 2008ல ஜோன் கிப்பன்ஸ் 35-39ல (35 வெற்றி, 39 தோல்வி) போனார், திரும்பவும் அதே காஸ்டன் வந்து 51-37. 2022ல சார்லி மொன்டோயோ 46-42ல போனார், பெஞ்ச் கோச்சா, அதாவது மனேஜருக்கு அடுத்த உதவியாளா, இருந்த ஷ்னைடர் வந்து 46-28. மூண்டுக்கு மூண்டு. நான் வைச்சிருக்கிற கட்சி எண்டு சொல்லிக்கொண்டு இந்தக் கணக்கை நானே எடுத்து வைக்கிறன், பாருங்கோ.

சரி, அப்ப ஏன் அந்தப் பக்கம் போகேல்ல? முதலாவது, மனேஜரை வெண்டுகொண்டு இருக்கேக்க பெரும்பாலும் தூக்கிறேல்ல. ஆகக் கீழ விழுந்த நேரம் பாத்துத்தான் அனேகமாத் தூக்குவாங்கள், ஆகக் கீழ இருந்து போறதுக்கு வேற வழியில்லை, மேலதான். காய்ச்சல் நாலாம் நாள் குடிச்ச கொத்தமல்லித் தண்ணிதான் சுகமாக்கினது எண்டு அம்மம்மா சொல்லுற மாதிரி, குடிக்காட்டிலும் அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டிருக்கும். குடிக்காமல் இருந்த கதையும் இருக்கு. 2015 ஜூலைக் கடைசியில ஜேஸ் 50-51, அப்ப திரும்பி வந்திருந்த கிப்பன்ஸ்தான் மனேஜர், அவரை அனுப்பு எண்டு சனம் கத்தினது எனக்கு நல்லா ஞாபகம், நானும் கத்தின ஆள். அனுப்பேல்ல. ட்ரோய் டுலோவிட்ஸ்கியையும் டேவிட் பிரைஸையும் வாங்கிக் குடுத்தாங்கள், மிச்சத்தில 43-18. அதே மனேஜர், அதே தொப்பி, சாமான் மட்டும் வேற. 2019ல வொஷிங்டன் நெஷனல்ஸ் அம்பது கேம் முடியேக்க 19-31, டேவ் மார்டினெஸ் இண்டைக்குப் போவார் நாளைக்குப் போவார் எண்டு எல்லாரும் எழுதினாங்கள், வைச்சிருந்தாங்கள், அந்த வருசம் வேர்ல்ட் சீரிஸே வெண்டாங்கள். (அதே மார்டினெஸை 2025 ஜூலையில 37-53ல அனுப்பினதும் அதே ரீம்தான், கோப்பை எல்லாம் ஆறு வருசத்துக்குத்தான் காவல்.)

இது ஒரு பக்கம் கிடக்கட்டும், என்ர மனசில உண்மையா முடிவெடுக்கிற விசயம் இதில்லை. அடுத்த ஆள் ஆர்? இதுதான். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

சீசன் நடுவில தூக்கிறது எண்டு நாங்கள் கதைக்கேக்க, ஏதோ வெளியில ஒரு வரிசையில நல்ல மனேஜர்மார் சூட்கேஸோட நிக்கிற மாதிரிக் கதைக்கிறம். அப்பிடி இல்லை. ஒண்டு ரெண்டு தரம் வெளியில இருந்து வந்திருக்கினம், 2003ல ஃபுளோரிடா மார்லின்ஸ் 16-22ல ஜெஃப் டோர்போர்க்கை அனுப்பிப்போட்டு 72 வயசு ஜாக் மகீயனைக் கூட்டிக்கொண்டு வந்து யாங்கீஸை அடிச்சுக் கோப்பையே எடுத்தாங்கள், அது சரி. ஆனா அனேகமா வாறது அதே டக்அவுட்டில பக்கத்துக் கதிரையில இருந்த ஆள். பெஞ்ச் கோச், இல்லாட்டி மூண்டாம் பேஸ் கோச். நேற்று வரைக்கும் அவரும் அதே கூட்டத்தில இருந்து அதே தோல்விக்குத் தலையாட்டினவர். அப்ப தூக்கிறது எண்ட முடிவு உண்மையில "இவர் வேண்டாம்" எண்ட முடிவில்லை, "பக்கத்துக் கதிரைக்காரர்தான் வேணும்" எண்ட முடிவு. கேள்வியை அப்பிடித் திருப்பிக் கேட்டுப் பாருங்கோ, பாதி நேரம் கை தானா இறங்கிடும். எங்கட பார்க்கிங் கூட்டத்திலயும் அதுதான் நடந்தது, கோச் வேண்டாம் எண்டு எட்டுப் பேர் கத்தினவை, அப்ப இவர்தான் எண்டு ஆரோ என்னைக் காட்டின உடன ஒரு நிமிசம் ஒருத்தரும் கதைக்கேல்ல. எனக்குக் கொஞ்சம் நொந்ததுதான்.

இப்ப அந்த மூண்டுக்கு மூண்டைத் திரும்பப் பாருங்கோ. காஸ்டன் 1982ல இருந்து அந்த ரீமுக்கு ஹிட்டிங் கோச், ஜோர்ஜ் பெல், ஃபிரெட் மகிரிஃப், டோனி ஃபெர்னாண்டஸ் எண்டு அடிக்கத் தெரிஞ்ச ஒரு கூட்டமே அவரோட வளந்தது. ஷ்னைடர் 2002ல கேச்சரா (எங்கட விக்கெட் கீப்பர் மாதிரி) ஜேஸ் எடுத்த ஆள், விளையாட்டு சரிவராமல் பெடியளைப் பெரிய ரீமுக்குத் தயார்படுத்திற சின்ன லீக்கில கோச்சாகி, நியூ ஹாம்ஷையர்ல 2018ல சாம்பியன் ஆன அந்த சீசன்ல அவருக்குக் கீழ விளையாடினவைதான் பிறகு ஜேஸுக்கு வந்த விளாடியும் (விளாடிமிர் கெரேரோ ஜூனியர்) பொ பிஷெட்டும். மொன்டோயோ போன அண்டைக்கு அந்தப் பெடியளுக்கு வந்தது புது மனேஜர் இல்லை, பழைய வாத்தியார். ஃபிலடெல்ஃபியாவும் அப்பிடித்தான், 2022ல ஜோ ஜிரார்டியை 22-29ல அனுப்பிப்போட்டு பெஞ்ச் கோச் ரொப் தொம்சனை இருத்தினாங்கள், எங்கட ஒன்ராறியோ சார்னியாப் பக்கத்து ஆள், அந்த வருசத்தோட ஓய்வெடுக்கலாம் எண்டு இருந்த மனிசன், முதல் 8 கேமும் வெண்டு கடைசியில வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போயிட்டார். ஒரு கதவைத் திறந்தால் அங்கால ஒருத்தர் தயாரா நிக்கிறார் எண்டால், திறவுங்கோ. நான் அதுக்கு மறுப்பில்லை.

நிக்காட்டில்? 2025 மே மாசம் கொலராடோ ரொக்கீஸ் 7-33ல பட் பிளாக்கை அனுப்பினாங்கள். முதல் நாள் இரவு 21-0 எண்டு தோத்து, அடுத்த நாள் 9-3 எண்டு வெண்டு, வெண்ட கையோட வேலை போச்சுது. வந்த வோரன் ஷேஃபர் அங்கத்தைய சின்ன லீக்கில இருந்து வந்தவர், பெடியளைத் தெரியாத ஆள் எண்டும் சொல்லேலாது. முடிவு 43-119. 2024ல சிக்காகோ வைட் சொக்ஸ் 28-89ல பெட்ரோ கிரிஃபோலை அனுப்பி, பிறகும் 13-32. 1988ல போல்டிமோர் ஆறே ஆறு தோல்வியில கல் ரிப்கன் சீனியரை அனுப்பிப்போட்டு ஃபிராங்க் ரொபின்சனைக் கொண்டுவந்தாங்கள், விளையாட்டில அவர் எவ்வளவு பெரிய ஆள், பிறகும் தொடர்ந்து 15 தோத்து, சீசன் தொடக்கத்திலயே 21 தோல்வி எண்டு இண்டைக்கும் அழியாத ரெக்கோர்ட். குசினியில மீனே இல்லாமல் சமையல்காரனை மாத்தின கதை. அப்ப என்ர "அடுத்த ஆள்" கணக்கிலயும் ஒரு ஓட்டை இருக்கு, அடுத்த ஆள் நல்ல ஆளா இருந்தும் காணாது, அவருக்குக் கீழ அடிக்கிற எறியிற கூட்டமும் இருக்கோணும். ரெண்டும் சேர்ந்து வாறது குறைவு. அதாலதான் நான் வைச்சிருக்கிற பக்கம் சாயிறன், மனேஜர் நல்லவர் எண்டு இல்லை.

இதுக்கு நடுவில ஒரு வழி இருக்கு, அதைப் பற்றிக் கன பேர் கதைக்கிறேல்ல. தலையை விட்டிட்டுக் கையை மாத்துறது. 2019 நெஷனல்ஸ் மார்டினெஸை வைச்சிருந்தாங்கள் எண்டு சொன்னன், ஆனா மே தொடக்கத்திலயே பிட்சிங் கோச்சை மாத்திட்டாங்கள். ஜேஸும் 2024 தோல்விக்குப் பிறகு ஷ்னைடரை வைச்சிருந்து, மினசோட்டாவில வேலை போன டேவிட் பொப்கின்ஸை ஹிட்டிங் கோச்சாக் கொண்டுவந்தாங்கள், 2025ல மேஜர் லீக்கிலேயே கூடின பேட்டிங் அவரேஜ் ஜேஸுக்குத்தான், .265, அதாவது ஆயிரம் தரத்துக்கு 265 தரம் சரியா அடிச்ச கணக்கு. முழுக்க அவரால எண்டு சொல்லமாட்டன், 2024ல காயத்தோட 81 கேமில .225 அடிச்ச பிஷெட் சுகமாகி வந்ததும் பெரிய விசயம். ஆனா மனேஜரைத் தூக்கியிருந்தாலும் பிஷெட்டுக்குக் கால் சுகமாகித்தான் இருக்கும், அந்தப் புகழ் புது மனேஜருக்குப் போயிருக்கும், நாங்களும் பாத்தியளா தூக்கினது வேலை செய்துது எண்டு கதைச்சுக்கொண்டு இருந்திருப்பம்.

நேர்மையாச் சொன்னால், 2024ல என்ர கணக்குப்படியே ஷ்னைடரைத் தூக்கியிருக்கலாம். பக்கத்துக் கதிரையில டொன் மட்டிங்லி இருந்தவர், டொஜர்ஸுக்கும் மார்லின்ஸுக்கும் மனேஜரா இருந்த ஆள், அடுத்த ஆள் இல்லை எண்டு சொல்லேலாது. 2023 பிளேஓஃப்ல ஹோசே பெரியோஸ் வடிவா எறிஞ்சுகொண்டு இருக்கேக்க 47 பந்தோட இறக்கினதை நான் இன்னும் மன்னிக்கேல்ல, ஒரு ஓட்டமும் இல்லாமல் 2-0 எண்டு தோத்த கேம் அது. மட்டிங்லி வந்திருந்தாலும் 94 வெண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உள்ளுக்க அந்தப் பெடியள் ஷ்னைடர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருந்தாங்களா, காதைப் பொத்திக்கொண்டு இருந்தாங்களா எண்டது சோஃபாவில இருந்து பாக்கிற எங்களுக்குத் தெரியிற விசயமில்லை, அது தெரிஞ்சால் என்ர சாய்வும் மாறும். பெடியள் கேக்கிறதை நிப்பாட்டிட்டாங்கள் எண்டால் அடுத்த ஆள் சுமாரா இருந்தாலும் தூக்கத்தான் வேணும்.

எங்கட ரீமில அது தெரிஞ்சது, பதினொரு வயசு ஒளிக்கத் தெரியாத வயசு. கோச் பேசினாலும் பெடியள் அவருக்குப் பின்னாலதான் திரிஞ்சாங்கள், பந்துப் பையைத் தூக்க அடிபட்டாங்கள். பிரச்சினை எறியிறதில, ஒரு இனிங்ஸுக்கு ஆறேழு பேரை நாலு பிழைப் பந்து எறிஞ்சு சும்மா முதலாம் பேஸுக்கு நடக்க விட்டுக்கொண்டு இருந்தம். சொஃப்ட்போல் விளையாடுற ஒரு அப்பா இருந்தவர், அவரைக் கெஞ்சிக் கூத்தாடி எறியிற பெடியளை மட்டும் பாக்கச் சொன்னம், கோச்சும் நானும் இருந்த இடத்திலயே இருந்தம். சீசன் முடியேக்க 6 வெற்றி 12 தோல்வி. ரெண்டு குடும்பம் கோவிச்சுக்கொண்டு வேற ரீமுக்குப் போயிட்டினம், அவையள் போனது பிழை எண்டும் சொல்லமாட்டன், அதில ஒரு பெடியன்தான் எங்கட நல்ல ஷோர்ட்ஸ்டொப், ரெண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவில பந்து பிடிக்கிறவன்.

அந்த 2024 வட்ஸ்அப் மெசேஜை மருமகன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிருக்கிறான். 2025 ஒக்ரோபரில ஒவ்வொரு கேம் வெல்லேக்கயும் ஒரு சொல்லும் எழுதாமல் அதைத்தான் குடும்பக் குரூப்பில போட்டவன். ஏழாவது கேம் இரவு, ஒன்பதாவது இனிங்ஸ், ஒரு ஓட்டம் முன்னுக்கு, இன்னும் ரெண்டு பேரை அவுட்டாக்கினால் கோப்பை. போனைக் கையில எடுத்து வைச்சிருந்தவனாம், அப்பதான் டொஜர்ஸின்ர மிகெல் ரோஹாஸ் கேமைச் சமப்படுத்தின அந்த ஹோம் ரன்னை அடிச்சவன்.