ஐம்பது ரூபாய் குரோஷா ஊசி, எட்டு வருடமாக என் கையில்

குன்னூர் மார்க்கெட்டில் நூல், பொத்தான், லேஸ் விற்கும் ஒரு சின்னக் கடையில் எட்டு வருடத்துக்கு முன்னால் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய அலுமினிய குரோஷா ஊசி இது, அதாவது நூலைக் கொக்கியால் இழுத்து இழுத்துப் பின்னும் ஊசி, பருமன் 3.5 மி.மீ. ஒரு முனையில் கொக்கி, நடுவில் கட்டைவிரல் பதியத் தட்டையாக ஓர் இடம், அதில் பொறித்த அளவு, அவ்வளவுதான். என்னுடையதில் அந்த எண் தேய்ந்துபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 5 மட்டும்தான் தெரிகிறது. இதைத் தொடாமல் ஒரு நாளும் போவதில்லை.

இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்குத் தெரியும், ஊசி உருவிக்கொண்டால் அறுபது எழுபது கண்ணியும் அம்போதான். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும், நழுவினாலும் இரண்டு தையல் பிரியும், திரும்பக் கோத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆடிக்கொண்டே ஒரு குழந்தைக் குல்லாவில் பாதி முடித்திருக்கிறேன்.

நமக்கு இங்கே ஐப்பசி மழைதான் பெரிய மழை. அந்தக் குளிருக்கு நான்கு பிளை (நான்கு இழை முறுக்கிய) உல்லனும் இந்த 3.5ம் சரியான ஜோடி. 2.5 ஊசியில் போட்டால் குல்லா அட்டை மாதிரி விறைக்கும், 5ல் போட்டால் தையல் இடைவெளி வழியாகக் காற்று நேரே காதுக்குள் போகும். பலர் கொக்கியின் தலையைப் பார்த்து ஊசி வாங்குகிறார்கள். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது கொக்கிக்கும் தட்டை இடத்துக்கும் நடுவே உள்ள உருளைப் பகுதி. அது ஒரே பருமனாக இருக்க வேண்டும், கூம்பிக்கொண்டே போனால் ஒரு தையல் இறுக்கம், அடுத்தது தொளதொளப்பு.

குறை இல்லாமல் இல்லை. காலையில் எடுத்தால் ஐஸ் மாதிரி இருக்கும், டீ டம்ளர் மேல் கொஞ்ச நேரம் படுக்க வைத்துத்தான் ஆரம்பிப்பேன். பூச்சு போன இடத்திலிருந்து வெள்ளை உல்லனில் லேசாகக் கருப்பு ஏறும், அதனால் வெள்ளைக்கு மட்டும் பிளாஸ்டிக் ஊசி. மூடுபனி நாட்களில் உல்லன் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது, அப்போது ஊசியைத் தலைமுடியில் இரண்டு தடவை உரசினால் போதும், மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.

நடுவில் ரப்பர் பிடி வைத்த ஒரு செட்டை ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். பிடி மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் மூன்றே மாதத்தில் உள்ளே ஊசி சுழல ஆரம்பித்துவிட்டது. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலுக்குத் தெரியாவிட்டால் ஒவ்வொரு தையலுக்கும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். அதை எடுத்து வைத்துவிட்டேன்.

ஊட்டிப் பக்கம் தோடர் பெண்கள் பூவேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் கோடு போடுவதில்லை, இழையை எண்ணி எண்ணியே கருப்பும் சிவப்புமாக அந்த வேலை வருகிறது. 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய கலை, அதற்கும் ஒரு சாதாரண ஊசிதான்.

வாங்கும்போது கொக்கியின் உள்வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் உல்லனைக் கிழிக்கும், வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் டப்பாவையே கவிழ்த்துக் காட்டுவார். போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன், பேரனுக்கு முதல் சாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்.